எவர்சில்வர் மோகமும் பிரேக் பிஸ்டனும்



கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பாடத்தை நிறுத்தாதவன் என்று என்னைத் திட்டியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். இன்றும் அப்படித்தான். ஆனால் வீட்டில் கார் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு படம் போட்டான். பளபளவென்று இரண்டு உருளைகள். அவன் காரின் முன்சக்கர பிரேக் காலிபரில் பிஸ்டன்கள் துருப்பிடித்துவிட்டனவாம். புது காலிபருக்குச் சொன்ன விலையைக் கேட்டு மலைத்துப்போய், எவர்சில்வர் ராடு வாங்கி லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து வாங்கிவிட்டானாம். "இனி ஆயுசுக்கும் துரு பிடிக்காது" என்று கீழே எழுதியிருந்தான். சித்தப்பா, பெரியப்பா, சின்னஞ்சிறுசுகள் என்று எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நான் மட்டும் "மாட்டாதே, முதலில் என்னிடம் பேசு" என்று போட்டேன். உடனே பதில் வந்தது: "மாமா, நீங்க சயின்ஸ் வாத்தியார், மெக்கானிக் இல்ல." கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை.

உண்மைதான் மாப்பிள்ளை. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் நீ எடுத்த முடிவு மெக்கானிக் எடுத்த முடிவும் இல்லை. பாத்திரக் கடையில் டம்ளர் தேர்ந்தெடுக்கிற மாதிரி தேர்ந்தெடுத்திருக்கிறாய். பளபளக்கிறது, துருப்பிடிக்காது, ஆகவே நல்லது. பிரேக் பிஸ்டனுக்கு அந்தக் கணக்கு போதாது. ஏன் போதாது என்பதை உனக்கு மட்டும் சொன்னால் மாமா திட்டுகிறார் என்று போய்விடுவாய். அதனால் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பிஸ்டன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க். அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இடுக்கி காலிபர். இடுக்கிக்குள் இருந்து பிரேக் பேடைத் தள்ளுவது பிஸ்டன். பார்ப்பதற்கு ஒரு குட்டை டம்ளர் மாதிரி இருக்கும். டம்ளரின் வாய் பேடைப் பார்த்தபடி, மூடிய அடிப்பாகம் பிரேக் ஆயிலைப் பார்த்தபடி.

ஒன்பதாம் வகுப்பில் நான் கரும்பலகையில் படம் போட்ட பாஸ்கல் விதி நினைவிருக்கிறதா? சிறிய கார்களில் இந்தப் பிஸ்டனின் விட்டம் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர். பரப்பளவு 19.6 சதுர சென்டிமீட்டர். ஓங்கி பிரேக் மிதிக்கும்போது ஆயிலின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிப் பாருங்கள். கிட்டத்தட்ட 1,400 கிலோ. அந்த டம்ளர் மாதிரி சாமான் மேல் ஒரு காரையே தூக்கி வைத்த கனம் விழுகிறது. ஒவ்வொரு முறை ஓங்கி மிதிக்கும்போதும்.

அதோடு முடியவில்லை. காலை எடுத்ததும் பிஸ்டன் ஒரு துளி பின்னால் வரவேண்டும். டிஸ்க் பிரேக்கில் அதற்கென்று ஸ்பிரிங் எதுவும் கிடையாது. காலிபரின் உட்சுவரில் ஒரு பள்ளம், அதில் சதுர வெட்டு ரப்பர் வளையம் ஒன்று. பிஸ்டன் முன்னால் போகும்போது அந்த ரப்பர் அதோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும். அழுத்தம் போனதும் நிமிரும். நிமிரும்போது பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வரும். அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த ரப்பர் பிடித்திருப்பது பிஸ்டனின் வெளிப்பரப்பை. அந்தப் பரப்பு கண்ணாடிபோல் இருந்தால்தான் ரப்பர் வேலை செய்யும். சொரசொரப்பாக இருந்தால் ஆயில் கசியும், இல்லையென்றால் பிஸ்டன் திரும்பி வராமல் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

ஆக நல்ல பிஸ்டனுக்கு ஐந்து குணம் வேண்டும். நசுங்கக்கூடாது. துருப்பிடிக்கக்கூடாது. பேடின் சூட்டை ஆயிலுக்குக் கடத்தக்கூடாது. சூட்டில் அளவு மீறி விரியக்கூடாது. பரப்பு வழவழப்பாக இருக்கவேண்டும். ஐந்திலும் நூற்றுக்கு நூறு வாங்குகிற பொருள் உலகத்தில் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் கார் கம்பெனிகள் ஒரே பொருளில் பிஸ்டன் செய்வதில்லை. எல்லாவற்றையும் நம் வீட்டுச் சமையலறையை வைத்தே விளக்கிவிடலாம்.

முதலாவது, முலாம் பூசிய எஃகு. பெரும்பாலான வண்டிகளில் இதுதான். பழைய சைக்கிள் ஹேண்டில்பாரை நினைத்துக்கொள்ளுங்கள். குரோமியம் முலாம் இருக்கிறவரை மின்னும். எங்கேயாவது புள்ளியாய் விட்டால் அடியில் துரு புகுந்து, தோல் உரியும். பிஸ்டனும் அப்படித்தான். பலத்தில் குறையே இல்லை, விலையும் குறைவு. முலாம் போனால் ஆயுள் முடிந்தது.

இரண்டாவது, பினாலிக் பிசின். பேரைக் கேட்டு மிரளாதீர்கள். உங்கள் வீட்டுக் குக்கரின் கறுப்புக் கைப்பிடி அந்தக் குடும்பம்தான். லியோ பேக்லாண்டு என்பவர் 1907-ல் கண்டுபிடித்த பேக்கலைட்டின் வாரிசு. குக்கர் கொதித்தாலும் கைப்பிடியைப் பிடிக்க முடிகிறதல்லவா? அதே காரணத்துக்காக 1970-களிலிருந்து அமெரிக்கக் கார்களில் இதில் பிஸ்டன் போட்டார்கள். எடை குறைவு, துருவே கிடையாது, சூட்டை ஏறக்குறைய கடத்தவே கடத்தாது. ஆனால் கைப்பிடி கீழே விழுந்தால் என்ன ஆகும்? விளிம்பு உடையும். ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுக்கும் பட்டறையில் இது பிழைக்காது. காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பி, இறுகிக்கொள்வதும் உண்டு.

மூன்றாவது, அலுமினியம். கரி அடுப்பில் அலுமினியப் பாத்திரத்தின் காதைத் துணியில்லாமல் தொட்டவர்களுக்குத் தெரியும். எஃகைப்போல ஏறக்குறைய நான்கு மடங்கு சூட்டைக் கடத்தும். எடை மட்டும் மூன்றில் ஒரு பங்கு. அனோடைஸ் செய்து மேற்பரப்பைக் கடினமாக்கி, அதற்கென்றே வடிவமைத்த காலிபரில் போட்டால் அருமையாக உழைக்கும். எஃகுக்காகச் செய்த வார்ப்பிரும்புக் காலிபரில் "எடை குறையுமே" என்று இதைத் திணிப்பது ஆபத்து.

நான்காவது, நம்ம எவர்சில்வர். சாம்பாரில் கிடக்கிற எவர்சில்வர் கரண்டியின் நுனி சீக்கிரம் சுடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? மெழுகில் குண்டூசி ஒட்டிக் கம்பியைச் சூடாக்கும் சோதனையைச் செய்து பாருங்கள். அலுமினியக் கம்பியில் ஊசி முதலில் விழும், எஃகில் அப்புறம், எவர்சில்வரில் கடைசியாக. சாதாரண எஃகு 50 கடத்துகிற இடத்தில் 304 ரக எவர்சில்வர் 16 தான் கடத்தும். மாப்பிள்ளை, இந்த இடத்தில் உனக்கு மார்க் கொடுத்துவிடுகிறேன். துருவுக்கும் மார்க் உண்டு. தரமான தயாரிப்பாளர்கள் சில பழைய கார்களுக்கு ஸ்டெயின்லெஸ் பிஸ்டனே செய்து விற்கிறார்கள். அந்தக் கார்களை நேசிக்கிறவர்கள் தேடி வாங்கியும் போடுகிறார்கள். அதில் எனக்குத் தகராறு இல்லை.

என் தகராறு உன் கையில் இருக்கிற இரண்டு உருளைகளோடு.

ஒன்று. அது என்ன எவர்சில்வர்? 304-ஆ, 202-ஆ? பழைய சாமான் கடையில் வாங்கிய ராடுக்குச் சான்றிதழ் இருக்கிறதா? எங்கள் கே.கே. நகரில் எத்தனையோ வீட்டு கேட்டுகள் "எவர்சில்வர்" என்று வாங்கி மாட்டி, இரண்டே மழையில் பழுப்புக் கறை வடித்துக்கொண்டு நிற்கின்றன. திருவெறும்பூர் பெல் ஆலையில் வேலை பார்த்த, பார்க்கிற என் மாணவர்களைக் கேட்கிறேன். சான்றிதழ் இல்லாத குழாயை, பளபளக்கிறதே என்பதற்காக, கொதிகலனில் வைப்பீர்களா? 1965-லிருந்து அந்த ஆலை உங்களுக்குச் சோறு போட்டதே பொருளின் ரகம் மாறக்கூடாது என்கிற ஒழுக்கத்தால்தானே? வேலை செய்யும் இடத்தில் இருக்கிற ஒழுக்கம் வீட்டுக் காரில் ஏன் இல்லை?

இரண்டு. விரிவு. 100 டிகிரி சூடு ஏறினால் 50 மில்லிமீட்டர் வார்ப்பிரும்புத் துளை 0.055 மில்லிமீட்டர் விரியும். அதே அளவு 304 எவர்சில்வர் 0.085 விரியும். வித்தியாசம் 0.03. அலுமினியமாக இருந்தால் வித்தியாசம் 0.06, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன். பிஸ்டனுக்கும் துளைக்கும் நடுவே இருப்பதே மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றை ஒட்டிய இடைவெளி. இந்த விரிவினால் மட்டும் இறுகிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் துருப்பிடித்துத் தேய்ந்த பழைய பிஸ்டனை வெர்னியரில் அளந்து, "ஒரு நூல் தூக்கலாவே வெச்சிருக்கேன் தம்பி" என்று கடைந்தால்? பட்டறையில் வழுக்கிக்கொண்டு போகும் பிஸ்டன் மலைப்பாதையில் இறுகும்.

மூன்று. மேற்பரப்பு. லேத் உளி போன தடம் கிராமபோன் தட்டு மாதிரி சுற்றுச்சுற்றாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும், ரப்பருக்கு நன்றாகவே தெரியும். கம்பெனிப் பிஸ்டனைக் கடைந்ததோடு விடுவதில்லை. கிரைண்டிங் செய்து, மெருகேற்றித்தான் அனுப்புகிறார்கள். துணியும் பாலிஷும் போட்டு வருகிற பளபளப்பு வேறு, கிரைண்டிங்கில் வருகிற வழவழப்பு வேறு.

நான்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டம்ளர் போலக் குடையவேண்டியதை, நேரமாகும் என்று மேலோட்டமாகக் குடைந்துவிட்டு மீதியைக் கெட்டியாக விட்டிருக்கிறார்கள். பேடைத் தொடுவது மெல்லிய விளிம்பு மட்டுமாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் அதை டம்ளராகச் செய்தார்கள். சூடு போகிற வழியைக் குறுக்குவதற்காக. எவர்சில்வர் வாங்கிக் கொடுத்த மார்க்கை நீயே அழித்துவிட்டாய்.

இப்போது சிலர் கேட்பீர்கள்: "சார், இதெல்லாம் புத்தகப் படிப்பு. நம்ம ஊர்ல எத்தனை பேர் கடைஞ்சு மாட்டி ஓட்டுறாங்க." நம் ஊருக்கு லேத் மேல் ஒரு நம்பிக்கை உண்டு, எனக்கும் உண்டு. பொன்மலை ரயில்வே பணிமனை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்த நாளிலிருந்து கடைசல் வேலை திருச்சியின் கைவந்த கலை. அரியமங்கலத்தில் லேத் வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், எனக்கும் கேட்டு வராங்க. என்னால கடைய முடியும். ஆனா பிரேக்கு, ஸ்டியரிங்கு ரெண்டுக்கும் கடைய மாட்டேன்னு போர்டே வெச்சிருக்கேன். பத்து காசு போனா போகுது சார், ராத்திரி தூக்கம் வரணும்ல." பத்தாம் வகுப்பில் அறிவியலில் 41 மார்க் வாங்கியவன். அன்று நான் போட்ட மார்க் தப்பு என்று இன்று ஒத்துக்கொள்கிறேன்.

நான் ஏன் இவ்வளவு சூடாக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இதுவரை குடும்பத்தில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான்கு வருஷம் முன்னால் என் காரிலும் இதே பிஸ்டன் துரு. பட்டறைக்காரர் "சார், பிஸ்டன் மாத்தணும்" என்றுதான் சொன்னார். "எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொன்னது நான். அறிவியல் வாத்தியார். அந்த முலாம் தலைமுடியின் பாதிப் பருமன்கூட இருக்காது, எமரி பேப்பர் துருவோடு முலாமையும் சேர்த்து எடுத்துவிடும் என்று தெரிந்தவன். பென்ஷன்காரனின் சிக்கனம் கண்ணை மறைத்தது.

அந்த மே மாதம் மனைவியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு கொல்லிமலை போனோம். ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது, 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, ஏதோ தீய்கிற வாசனை. "தாத்தா, ரப்பர் கருகுது" என்றது குழந்தை. அடுத்த வளைவில் பிரேக் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்த் தரையைத் தொட்டது. முதல் கியருக்கு இறக்கி, கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி, மதில்கல்லில் உரசி நிறுத்தினேன். மறுபக்கம் பள்ளம். என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

என்ன நடந்தது என்று எனக்கு அங்கேயே புரிந்தது. சொரசொரத்த பிஸ்டன் திரும்பி வராமல் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சூடு எஃகு வழியாக ஆயிலுக்கு ஏறியிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சாமான். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி போதும். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. என் ஆயிலை மாற்றி ஐந்து வருஷம். கொதித்தது, ஆவியானது. திரவம் நசுங்காது, ஆவி நசுங்கும். நான் மிதித்ததெல்லாம் ஆவியை நசுக்கத்தான் போனது, சக்கரத்துக்குப் போகவில்லை. ஒரு மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி வந்தது. முப்பது வருஷம் பாடம் நடத்தியவனுக்கு அன்று பாடம் நடந்தது.

மாப்பிள்ளை, உன்னிடம் நான் கோபப்படவில்லை. நாலு வருஷம் முந்தைய என்னிடம் கோபப்படுகிறேன்.

உன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை மறைக்கமாட்டேன். ரப்பர் வளையமும் ஒரு பிஸ்டனும் மாற்றினால் முடிகிற வேலைக்கு, "தனியா வராது சார், முழு காலிபர்தான்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் பில் போடுகிற வழக்கம் அநியாயம். நடுத்தரக் குடும்பத்தை லேத் பட்டறைக்குத் துரத்துவதே அந்த வழக்கம்தான். பிஸ்டனையும் கிட்டையும் தனியாக விற்கவேண்டும் என்று நாம் எல்லோரும் கேட்கவேண்டும். ஆனால் அவர்கள் அநியாயத்துக்கு நாம் தண்டனை கொடுப்பது நம் பிள்ளைகள் உட்காரும் காருக்கா?

கடைசியாக, வீட்டுப்பாடம்.

1. காலிபரைப் பிரித்தால், கழற்றிய பிஸ்டன் எந்தப் பொருளோ அதே பொருளில், அந்த வண்டி மாடலுக்கென்றே செய்த பிஸ்டன் வாங்குங்கள். எஃகு இருந்த இடத்தில் முலாம் பூசிய எஃகு. பினாலிக் இருந்த இடத்தில் பினாலிக். அமெரிக்காவில் இருக்கும் மாணவர்கள் கவனிக்கவும்: "ஸ்டீல்தான் ஸ்டிராங்" என்று மாற்றினால், பினாலிக் தடுத்துவைத்திருந்த சூடெல்லாம் ஆயிலுக்குள் போகும்.

2. ஸ்டெயின்லெஸ் வேண்டுமென்றால் உங்கள் காலிபருக்கென்றே ஒரு தயாரிப்பாளர் அளவெடுத்துச் செய்து, பெட்டியில் போட்டு, தன் பெயரையும் போட்டு விற்கிறாரா என்று பாருங்கள். பெயர் போட அஞ்சுகிறவர் செய்த பிரேக் சாமான் நமக்கு வேண்டாம்.

3. முலாம் உரிந்தோ, குழி விழுந்தோ இருக்கும் பிஸ்டனை எமரி பேப்பர் போட்டு மாட்டாதீர்கள். காலிபரின் உட்சுவரும் ரப்பர் உட்காரும் பள்ளமும் குழி விழுந்திருந்தால் எந்தப் பிஸ்டனும் காப்பாற்றாது. அப்போது முழு காலிபர்தான். செலவு செய்யுங்கள்.

4. பிஸ்டன் மாற்றும்போது உள் ரப்பர் வளையமும் வெளியே இருக்கும் மடிப்பு ரப்பர் உறையும் புதிதாகப் போடுங்கள். அந்த உறை கிழிந்து தண்ணீர் புகுவதுதான் துருவின் ஆரம்பம். ஒரு பக்கம் மட்டும் செய்யாமல் இடது, வலது இரண்டையும் பாருங்கள்.

5. அந்த ரப்பரைப் பெட்ரோல், டீசல், சாதாரண கிரீஸ் எதுவும் தொடக்கூடாது. உப்பிவிடும். சுத்தமான பிரேக் ஆயிலில் நனைத்தே மாட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

6. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். போன வருஷம் திறந்து பாதி மிச்சம் வைத்த பாட்டில் வேண்டாம்.

7. இது கே.கே. நகர், ஸ்ரீரங்கம், தில்லைநகர் பெற்றோர்களுக்கு. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்க, அவர்களை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்துவர மட்டும் கார் வைத்திருக்கிறோம். மாதக்கணக்கில் போர்டிகோவில் நின்றே பிஸ்டன் துருப்பிடிக்கிறது. வாரம் ஒரு முறையாவது எடுத்து நாலு தெரு சுற்றி, பிரேக்கை நன்றாக மிதித்து ஓட்டுங்கள். வந்திறங்குகிற பிள்ளைகளே, அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு நேரே வேளாங்கண்ணிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பாதீர்கள். முதலில் பிரேக்கைக் காட்டுங்கள்.

மாப்பிள்ளை, அந்த இரண்டு உருளைகளையும் என் வீட்டுக்குக் கொண்டு வா. மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க நல்ல கனமான சாமான். புதுப் பிஸ்டனுக்கும் கிட்டுக்கும் ஆகிற செலவில் பாதி என்னுடையது. அத்தை அடை வார்க்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு. காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வா.

மற்றவர்கள், வீட்டில் கார் இருக்கிற யாருக்காவது இதை அனுப்பினால் போதும். லைக் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் பழைய அறிவியல் வாத்தியார்,
கே.கே. நகர், திருச்சி.